நாலு சதவீதம் யாருடைய கணக்கு?

கேள்வி:

வணக்கம். எனக்கு வயது 43, எடை 81 கிலோ, ஊர் கோவை. நாலு வருஷமாக ஓடுகிறேன், இப்போது வாரத்துக்கு 40 கி.மீ. ஃபுல் மராத்தானில் (42.2 கி.மீ.) என் சிறந்த நேரம் 4 மணி 28 நிமிடம். வரும் ஜனவரியில் சென்னையில் 4:15-க்குள் முடிக்க ஆசை. இன்னும் 14 வாரம் இருக்கிறது. ரேஸ் கோர்ஸில் காலையில் சேர்ந்து ஓடும் எங்கள் குழுவில் ஒரு மாதமாக ஒரே சண்டை. ஒருவர் 22,000 ரூபாய்க்குக் கார்பன் பிளேட் ஷூ (சோலுக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ரேஸ் ஷூ) வாங்கி வந்து, "நாலு சதவீதம் மிச்சம், உனக்கு மட்டும் 11 நிமிஷம் குறையும்" என்கிறார். இன்னொருவர், "அதைப் போட்டால் கெண்டைக்கால் போய்விடும், பாத எலும்பில் விரிசல் வரும், போதாக்குறைக்கு அது ஏமாற்று வேலை" என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் ரேஸ் அன்று மட்டும் போட்டால் போதுமா? இன்ஸ்டாகிராமில் அதே ஷூ 6,500-க்குக் கிடைக்கிறதே, அதை நம்பலாமா?

பதில்:

முதலில் அந்த 11 நிமிடம். 4:28 என்பது 268 நிமிடம். அதில் 4 சதவீதம் 10 நிமிடம் 43 வினாடி. நண்பரின் பெருக்கல் சரி. ஆனால் அந்த 4 சதவீதம் உங்கள் காலில் அளந்தது அல்ல, நேரத்தை அளந்ததும் அல்ல.

அது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 2017-இல் கிடைத்த எண். டிரெட்மில்லில் ஓடியவர்கள் 18 பேர். எல்லோரும் 10 கி.மீ.யை 32 நிமிடத்துக்குள் முடிக்கக்கூடிய ஆண்கள். ஓடிய வேகம் மணிக்கு 14, 16, 18 கி.மீ. ஷூக்களின் எடை வித்தியாசம் கணக்கைக் குழப்பக் கூடாது என்று எடையையும் சமமாக்கினார்கள். நைக்கியின் புதிய மாதிரி ஷூவில் ஓடியபோது, அன்றைய முன்னணி மராத்தான் ஷூக்களில் ஓடியதைவிடச் சராசரியாக 4 சதவீதம் குறைந்த ஆற்றல் செலவானது. ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே நைக்கிதான். ஆனாலும் பின்னர் வேறு ஆய்வுக்கூடங்கள் அளந்தபோதும், வேகமான ஓட்டக்காரர்களிடம் லாபம் இருப்பது உறுதியானது. அந்த எண்ணையே பெயரில் ஒட்டி, வேப்பர்ஃபிளை 4% என்று அதே ஆண்டு 250 டாலருக்கு விற்பனைக்கு விட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் ரேஸ் கோர்ஸில் அந்த எண்ணைச் சொல்லித்தான் சண்டை நடக்கிறது என்றால், பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்.

ஆற்றல் மிச்சமும் நேர மிச்சமும் ஒன்றல்ல. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு மிக வேகமாக ஏறும். அதனால் இரண்டு மணி நேரத்தில் மராத்தான் முடிப்பவருக்கு 4 சதவீத ஆற்றல் மிச்சமானால், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வேகமாக மாறும். உங்கள் வேகத்தில் காற்று பெரிய தடையில்லை. அங்கே 1 சதவீத ஆற்றல் மிச்சமானால் கிட்டத்தட்ட 1 சதவீத நேரம் குறையும். ஆகவே இந்த மாற்றுக் கணக்கு உங்களுக்குச் சாதகம்தான். சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது: உங்கள் வேகத்தில் மிச்சமாவதே குறைவு.

4:28 என்றால் ஒரு கி.மீ.க்கு 6:21, அதாவது மணிக்கு சுமார் 9.5 கி.மீ. இதே வகை ஷூவை மெதுவான வேகங்களில் அளந்த ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது. லேசான சாதாரண ரேஸ் ஷூவோடு ஒப்பிட்டபோது, மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சராசரி லாபம் 1.4 சதவீதம், 10 கி.மீ. வேகத்தில் 0.9 சதவீதம். உங்கள் 268 நிமிடத்தில் 0.9 சதவீதம் என்பது இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 4:15-க்கு நீங்கள் குறைக்க வேண்டியது 13 நிமிடம். மீதிப் பத்தரை நிமிடம் ஷூ பெட்டிக்குள் இல்லை.

அந்த இரண்டரை நிமிடமும் சராசரிதான். உலகத் தரக் கென்ய ஓட்டக்காரர்கள் ஏழு பேரையும் ஐரோப்பிய அமெச்சூர்கள் ஏழு பேரையும் இத்தகைய ஷூக்களில் ஓடவிட்டு அளந்திருக்கிறார்கள், அதுவும் 2023-இல்தான். கென்யர்களில் ஒருவருக்கு ஒரு ஷூவில் 11.4 சதவீத லாபம், இன்னொருவருக்கு 11.3 சதவீத நஷ்டம். அமெச்சூர்களிலும் கிட்டத்தட்ட 10 சதவீத லாபம் முதல் 1 சதவீத நஷ்டம் வரை பரவிக் கிடந்தது. ஒரே ஷூ ஒருவரைத் தூக்கிவிடும், இன்னொருவரை இழுத்துப் பிடிக்கும். உங்கள் நண்பர் அந்த ஷூவில் பறப்பது உண்மையாகவே இருக்கலாம். அது அவர் கால், அவர் எடை, அவர் தரையிறங்கும் விதம்.

கார்பன் பிளேட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பணம் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிளேட் ஒரு ஸ்பிரிங் போல உதைத்துத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேலையின் பெரும்பகுதியைச் செய்வது அதைச் சுற்றியுள்ள ஃபோம். பழைய ஷூக்களின் நடுச்சோல் இவிஏ என்ற பொருள். புதியவற்றில் பல பெபா வகை, கடைப்பேச்சில் பெபாக்ஸ். கொலராடோ ஆய்வில் இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தபோது, இவிஏ சோல் தன்மேல் இறங்கிய ஆற்றலில் சுமார் 66 சதவீதத்தைத் திருப்பித் தந்தது. அடிடாஸின் பூஸ்ட் 76. பெபா சோல் 87. அதோடு பெபா லேசானது என்பதால் சோலைத் தடிமனாக்கினாலும் எடை ஏறாது. தடிமன் கூடினால் அழுங்கும் ஆழம் கூடும், திரும்பி வருவதும் கூடும். பிறகு வந்த இன்னொரு ஆய்வில் அதே ஷூவின் முன்பாதப் பகுதியில் பிளேட்டைக் குறுக்காகப் பல இடங்களில் அறுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார்கள். வளையும் விறைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆற்றல் செலவில் வந்த வித்தியாசம் அரை சதவீத அளவு, புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. இவ்வளவு உயரமான, இளகிய ஃபோமை நிலையாகப் பிடித்துவைத்து, பெருவிரல் மூட்டு வளைவதைக் குறைத்து, பாதத்தை முன்னோக்கி உருளவிடுவதுதான் பிளேட்டின் முக்கிய வேலை என்று கருதுகிறார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு நடுவழி ஒன்று கிடைக்கிறது. ரேஸ் ஷூவில் உள்ள நல்ல ஃபோமைப் போட்டு, கார்பனை விட்டுவிட்ட ஷூக்கள் இப்போது வருகின்றன. அடிடாஸின் அடிசீரோ இவோ எஸ்எல் ஒன்று: ரேஸ் ஷூவின் லைட்ஸ்ட்ரைக் ப்ரோ ஃபோம் உண்டு, பிளேட்டுக்குப் பதில் அதில் வரும் கார்பன் கம்பிகள் கிடையாது. கார்பனுக்குப் பதில் நைலான் பிளேட் வைத்த சாக்கனி எண்டார்ஃபின் ஸ்பீடு போன்றவையும் உண்டு. அந்த விறைப்பைக் கால் எளிதாகத் தாங்கும். எடையையும் பாருங்கள். ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடும் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது பலமுறை அளந்த விஷயம். இப்போது நீங்கள் ஓடுவது 290 கிராம் எடையுள்ள தினசரிப் பயிற்சி ஷூ என்றால், 220 கிராம் ஷூவுக்கு மாறினாலே கிட்டத்தட்ட முக்கால் சதவீதம் கையில் வந்துவிடும், பிளேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உங்கள் ஷூவைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பலருக்கு அந்த எண்ணே அதிர்ச்சியாக இருக்கும்.

செலவையும் கி.மீ. கணக்கில் போடலாம். 9,000 ரூபாய்ப் பயிற்சி ஷூ 700 கி.மீ. உழைத்தால் கி.மீ.க்கு 13 ரூபாய். 22,000 ரூபாய் ரேஸ் ஷூவை 300 கி.மீ.யோடு ஓரங்கட்டினால் 73 ரூபாய். ஒரு ஃபுல் மராத்தானுக்கு மட்டும் 3,000 ரூபாய்க்கு மேல். ஏன் 300 கி.மீ.? சோல் அதற்குப் பிறகும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெபா தன் சாதகத்தைச் சீக்கிரம் இழக்கிறது. 450 கி.மீ. ஓடிய பெபா ஷூவையும் இவிஏ ஷூவையும் ஒப்பிட்ட ஆய்வில், புதிதாக இருந்தபோது தெரிந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. 2023 செப்டம்பரில் பெர்லினில் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடி உலக சாதனை படைத்தபோது காலில் இருந்தது 138 கிராம் அடிடாஸ் ஷூ, விலை 500 டாலர். அதைப் பழகிக்கொள்ளக் கொஞ்சம், பிறகு ஒரே ஒரு மராத்தான் என்ற கணக்கில் செய்ததாக அந்த நிறுவனமே சொன்னது. இந்தத் தொழில்நுட்பம் யாருக்காகப் பிறந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சரி, உங்கள் கால் எந்தப் பக்கம்? ஆய்வுக்கூடம் இல்லாமல் ஓரளவுக்குச் சோதித்துப் பார்க்கலாம். குழுவில் உங்கள் அளவுள்ள ஒருவரிடம் இரண்டு நாள் காலைப் பொழுதுக்கு மட்டும் ஷூவை இரவல் கேளுங்கள். இடம் நேரு ஸ்டேடியம் டிராக் அல்லது ரேஸ் கோர்ஸின் ஒரே பக்கம். இதயத் துடிப்பை மார்புப் பட்டையால் அளக்க வேண்டும். மணிக்கட்டுக் கடிகாரம் போதாது. 15 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 2 கி.மீ. வீதம் நாலு ஓட்டம், எல்லாமே 6:15 பேஸில் (ஒரு கி.மீ.க்கு 6 நிமிடம் 15 வினாடி): முதலில் உங்கள் ஷூ, அடுத்து புது ஷூ, மறுபடி புது ஷூ, கடைசியில் உங்கள் ஷூ. நடுவில் நாலு நிமிட இடைவெளி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வெயில் ஏற ஏறத் துடிப்பு தானாகவே ஏறும். ஒரு ஷூவை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் போட்டால் பழி பின்னதன்மேல் விழும். நடுவில் ஒன்று, இருபுறமும் மற்றொன்று என்று வைத்தால் அந்த ஏற்றம் இரண்டுக்கும் சமமாகப் பங்காகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசி ஐந்து நிமிடத்தின் சராசரித் துடிப்பை மட்டும் எடுங்கள். முதல் சில நிமிடம் உடம்பு நிலைக்கு வரும் நேரம். வேறொரு நாளில் இதையே திரும்பச் செய்யுங்கள். அன்று இரவலாக வந்த ஷூவில் தொடங்கி அதிலேயே முடியுங்கள்.

இந்தச் சோதனையால் எதைப் பார்க்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஓடும்போது துடிப்பு 150 என்றால் 1 சதவீத லாபம் ஒரு துடிப்பு அளவுதான். தூக்கம், காபி, ஈரப்பதம் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று துடிப்பை எளிதில் ஆட்டிவிடும். எனவே மூன்றுக்குள் வரும் வித்தியாசத்தை வித்தியாசமாகவே எண்ண வேண்டாம். இரண்டு நாளும் நாலு துடிப்புக்கு மேல் குறைந்தால் ஷூ உங்களுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது, வாங்குவதில் நியாயம் உண்டு. இரண்டு நாளும் துடிப்பு ஏறினால் பேச்சே வேண்டாம். உங்கள் வேகத்தில் பெரும்பாலும் வரப்போகும் விடை "ஒன்றும் தெரியவில்லை" என்பதுதான். அப்போது, ஓடிய மறுநாள் காலையில் படி இறங்கும்போது கெண்டைக்கால் எப்படி இருக்கிறது, திருப்பத்தில் கணுக்கால் உள்பக்கம் சரிந்ததா என்பவை துடிப்பைவிட அதிகம் சொல்லும்.

இனி இரண்டாவது நண்பர். அவர் பயப்படுவதில் அடிப்படை இருக்கிறது, அளவுதான் மிகை. இந்த ஷூ உடம்பின் சுமையைக் குறைப்பதைவிட இடம் மாற்றுகிறது. பெருவிரல் மூட்டு வளைவது குறைகிறது. உயரமான இளகிய சோல்மேல் நிலையாக நிற்கக் கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. பாதத்தின் நடு எலும்புகள்மேல் பழக்கமில்லாத விதத்தில் சுமை விழலாம். கார்பன் ஷூவில் ஓடியவர்களுக்குப் பாதத்தின் நாவிகுலர் எலும்பில் அழுத்தக் காயம் வந்த ஐந்து பேரின் விவரத்தை 2023-இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். எத்தனை ஆயிரம் பேர் அணிந்ததில் இந்த ஐந்து என்ற கணக்கு அதில் இல்லை. ஆகவே அதை வைத்து ஷூவைக் குற்றவாளி ஆக்க முடியாது, அலட்சியம் செய்யவும் முடியாது.

அந்த எலும்பு இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும். கணுக்காலுக்குச் சற்று முன்னால், பாதத்தின் மேற்புறம், உள்பக்கமாக மேடாகத் தெரியும் இடம். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலிக்கிறதா, அந்தக் காலில் மட்டும் நின்று குதித்தால் வலிக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது வந்து, ஓய்வில் அடங்கிவிடும் வலி என்பதால் பலர் தைலம் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். எலும்பின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆறுவது மெதுவாக நடக்கும். முற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் காலை ஊன்றவே கூடாத நிலை வரும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்று கேட்டு நிம்மதியாகத் திரும்பாமல், வலி ஒரு வாரத்துக்கு மேல் அதே புள்ளியில் நின்றால் விளையாட்டு மருத்துவரைப் பார்த்து எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

கெண்டைக்கால், குதிகால் தசைநாண் பிரச்சினைகள் இதைவிட அதிகம் வரும், ஆனால் தடுக்கக்கூடியவை. படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். 43 வயதில் ஒரே மூச்சில் 25 முறை முடியவில்லை என்றால், கார்பன் ஷூவைப் பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை அதுதான். வாரம் மூன்று நாள், முழங்காலை நீட்டி 3 செட், சற்று மடக்கி 3 செட், ஒவ்வொன்றிலும் 12 முறை. ஏற ஒரு வினாடி, இறங்க மூன்று வினாடி. மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள். கெண்டைக்காலின் அடியில் இருக்கும் சோலியஸ் தசை நாலு மணி நேர ஓட்டத்தில் பெரும் சுமையைத் தாங்குகிறது, அதற்கு அதிக வேலை கொடுப்பது அந்த மடக்கல்தான். எளிதானதும் முதுகில் 5 கிலோ பை மாட்டிக்கொள்ளலாம்.

ரேஸ் அன்று மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டீர்கள். கூடவே கூடாது. பழக்கமில்லாத சோல் 30 கி.மீ.க்கு மேல், தசை தளர்ந்த நேரத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். வாங்குவதானால் ரேஸுக்கு எட்டு வாரம் முன்னால் கையில் இருக்கட்டும். முதல் வாரம் 5 கி.மீ. எளிய ஓட்டம், இறுதியில் 100 மீட்டர் வேக ஓட்டம் நாலு. அடுத்த வாரம் மெதுவாகத் தொடங்கி மராத்தான் பேஸில் 5 கி.மீ. அதன் பின் பத்து நாளுக்கு ஒருமுறை 8, பிறகு 12 கி.மீ. ரேஸுக்கு மூன்று வாரம் முன்பு வரும் கடைசி லாங் ரன்னை முழுக்க இந்த ஷூவில் ஓடுங்கள்: 26 கி.மீ., அதில் கடைசி 14 மராத்தான் பேஸில். மொத்தம் 60 கி.மீ. போல வரும், கால் பழகவும் செய்யும், ஃபோமும் தேயாது. வாரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து போட வேண்டாம். மற்ற எல்லா ஓட்டமும் பழைய ஷூவில்தான்.

அளவில் நடக்கும் தவறுதான் நகம் கறுப்பதற்கும் கொப்புளத்துக்கும் பாதிக் காரணம். மாலையில், ஓடும் சாக்ஸோடு, சுவரில் குதிகாலை வைத்து நின்று பாதத்தை அளங்கள். யூகே, யுஎஸ் எண்கள் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பெட்டியில் இருக்கும் செ.மீ. அளவுதான் நம்பகம். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் வேண்டும். சென்னை ஈரப்பதத்தில் பாதம் வீங்கும், அந்த இடம் வீண்போகாது. ரேஸ் ஷூக்களின் குதிப்பகுதி குறுகலாகவும் துணிபோல மெல்லியதாகவும் இருக்கும். மேல் கடைசித் துளையில் லேஸை வளையமாக்கி எதிர்ப்பக்க லேஸை அதனுள் விட்டு இறுக்கினால் குதிகால் நழுவாது. வெளிச்சோல் ரப்பர் சன்னம்; தண்ணீர் பந்தலைச் சுற்றிச் சிந்திய ஈரத்திலும், சாலையின் வெள்ளைக் கோட்டின் மேலும் வழுக்கும். தண்ணீர் எடுத்துவிட்டு நாலு எட்டு நேராகப் போய்ப் பிறகு திரும்புங்கள். சட்டென்று வளைய வேண்டாம்.

ஏமாற்றா என்றால், விதி தெளிவாக இருக்கிறது. 2020 ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்ட ஷூவின் சோல் 40 மி.மீ.யைத் தாண்டக் கூடாது, விறைப்பான பிளேட் ஒன்றுக்கு மேல் கூடாது என்று கோடு போட்டது. அந்தக் கோட்டுக்குள் இருப்பது எல்லோருக்கும் சட்டப்படி சரி. கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு வியன்னா உதாரணம்: 2021 செப்டம்பரில் அங்கே மராத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பியர் டெராரா ஹுரிசாவின் சோல் 50 மி.மீ. என்று தெரிந்ததும் தகுதி நீக்கம் செய்தார்கள். பயிற்சிக்கென்றே 40 மி.மீ.யைத் தாண்டிய ஷூக்கள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன, வாங்கும்போது கவனியுங்கள். 4:15 ஓடுபவரின் சோலை யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை என்றாலும், நாளை வயதுப் பிரிவுப் பரிசு ஒன்று வந்தால் அந்தப் பேச்சு வேண்டாமே. அதற்கு மேல் "நியாயமா" என்று உங்கள் நண்பர் கேட்டால், அவர் கையில் இருக்கும் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரலாம்.

6,500 ரூபாய் ஷூ "ஃபர்ஸ்ட் காப்பி". மேல்துணியையும் நிறத்தையும் அச்சாக நகலெடுத்துவிடுவார்கள். ஃபோமை நகலெடுப்பது எளிதல்ல. பெபாவை வாயு அழுத்தத்தில் நுரைக்க வைக்கும் இயந்திரமும் மூலப்பொருளும் விலை அதிகம். உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதா இவிஏ, அதோடு சில சமயம் வெறும் பிளாஸ்டிக் தகடு. பல சமயம் எடையே காட்டிக்கொடுக்கும். நகல் அசலைவிடக் கனமாக இருக்கும். இது வீண்செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. உயரம் அதே உயரம், பிடிப்பு கிடையாது. விறைப்பான தகடும் செத்த ஃபோமும் சேர்வது பாதத்துக்கு நல்லதல்ல. பணம் குறைய வேண்டுமென்றால் அதிகாரபூர்வக் கடையில் போன மாடலைத் தள்ளுபடியில் வாங்குங்கள். ஒரு தலைமுறை பழசால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை. நாக்கின் உள்பக்க லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். மூன்று வருஷத்துக்கு மேல் கிடங்கில் கிடந்ததைத் தவிர்க்கலாம், ஒட்டுப்பசை விட்டுப்போகும். வாங்கிய பிறகு வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், வாஷிங் மெஷினிலும் போடாதீர்கள்.

மீதிப் பத்தரை நிமிடத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். வாரம் 40 கி.மீ. 4:15-க்குக் கொஞ்சம் மெலிவு. அடுத்த எட்டு வாரத்தில் அதை 55-க்குக் கொண்டு போங்கள். மூன்று வாரம் ஏற்றி, நாலாவது வாரம் கால் பங்கு குறையுங்கள். கூடும் கி.மீ. முழுக்க எளிய ஓட்டமாக, அதாவது பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். வாரம் ஒரு டெம்போ (சற்றுக் கடினமான வேகத்தில் விடாமல் ஓடும் பயிற்சி) போதும். கோவைக் காலையில் பழகிய உடம்புக்கு, ஜனவரியில் விடிவதற்கு முன்பு தொடங்கினாலும் சென்னைக் கடற்கரைக் காற்றின் ஈரப்பதம் எதிரிதான்: வியர்வை உலராது, துடிப்பு ஏறும். 4:15-க்கு 6:02 பேஸ் வேண்டும். முதல் 10 கி.மீ.யை 6:10-இல் வைத்துக்கொண்டால் ஷூ தரும் லாபத்தைவிட அதிகத்தை 32-ஆவது கி.மீ.க்குப் பிறகு காப்பாற்றலாம். முந்தைய 4:28 ஓட்டத்தின் ஒவ்வொரு 5 கி.மீ. நேரத்தையும் எடுத்துப் பாருங்கள். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நீங்கள் தேடும் நேரம் அங்கேதான் கிடக்கிறது.

என் யோசனை இது. இந்த மாதம் ஷூ வாங்க வேண்டாம். கெண்டைக்கால் பயிற்சியைத் தொடங்குங்கள், இரவல் சோதனையை இரண்டு நாள் செய்யுங்கள். ரேஸுக்கு ஒன்பது வாரம் மிச்சமிருக்கும்போது முடிவெடுங்கள். துடிப்பு தெளிவாகக் குறைந்து, ஒற்றைக் காலில் 25 முறையும் வந்துவிட்டால், பட்ஜெட் தாங்குமென்றால் கார்பன் வாங்குங்கள். இல்லையென்றால் பிளேட் இல்லாத லேசான ஷூ; டெம்போவுக்கும் ரேஸுக்கும் அதுவே ஆகும், அடுத்த வருஷமும் உழைக்கும். இப்போதைய பயிற்சி ஷூ 600 கி.மீ.யைத் தாண்டியிருந்தால் இரண்டுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள்.